பத்தோடு பதினொன்றாக நில்

மகனே,

நாங்கள் இருவரும் சுகம். நீ சுகமில்லை என்பது உன் கடிதத்தின் இரண்டாவது பாராவிலேயே தெரிந்துவிட்டது. பம்பாய்க்குப் போனதிலிருந்து நீ எழுதியவற்றில் இதுதான் நீளமானது. சம்பளம் கூடியதைக்கூட ஒரே வரியில் எழுதியவன் நீ. தமிழ்நாட்டுக்கு வெளியே பிறந்து வளர்ந்து தமிழில் எழுதுகிற இளைஞர்களின் கவிதைகளை ஒரு புத்தகமாகத் தொகுக்கப்போகிறார்கள், ஏதோ பழைய பத்திரிகையில் கொச்சித் தமிழர்களின் கவிதைகளைப் பார்த்துவிட்டு இந்தப் பக்கம் விசாரித்து உன்வரை வந்திருக்கிறார்கள், உன்னிடம் நான்கு கவிதையும் உன்னைப் பற்றி ஒரு குறிப்பும் கேட்டிருக்கிறார்கள். இதைப் படித்த சந்தோஷத்தில் அடுப்பில் பால் வைத்திருப்பதையே மறந்துபோனேன். பால் பொங்கி வழிந்தது. நல்ல சகுனம் என்றார் உன் அப்பா. அடுப்பைத் துடைக்கப்போவது அவர் இல்லையே. அடுத்த வரிக்கு வந்தேன். பத்தோடு பதினொன்றாக நிற்க உனக்கு விருப்பம் இல்லையாம். உன் பெயரில் தனிப் புத்தகம் வரும்போது வரட்டுமாம். மாதக் கடைசிக்குள் முடியாது என்று எழுதிவிடப்போகிறாயாம். படித்ததும் எனக்கு வந்த கோபத்தில் இன்னொரு படி பால் பொங்கியிருக்கும்.

தனி மரம் தோப்பாகாது என்று ஒரு வரி எழுதி உறையை ஒட்டிவிடலாம். பழமொழிக்கு மசிகிற பிள்ளையை நான் பெறவில்லை என்பதால் முழுக்கதையையும் எழுதுகிறேன். பாதிக் கதை இங்கே மட்டாஞ்சேரியில் நடந்தது. நீ அப்போது ஆறாம் வகுப்பு. அந்த வருடத்தில் உனக்கு ஞாபகம் இருப்பதெல்லாம் தமிழ் மன்றத்து ஆண்டு விழாவில் கொடுத்த உளுந்துவடைதான். மீதிப் பாதி உன் தாத்தா காலத்தில் அமெரிக்காவில் நடந்தது. இரண்டையும் சேர்த்துப் படித்துவிட்டு அப்புறம் உன் பதிலை எழுது.

எழுபதுகளின் நடுவில் நான் பாடம் நடத்திய கல்லூரியின் நூலகத்துக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு பெட்டிப் புத்தகம் நன்கொடையாக வந்தது. ஆங்கிலத் துறையில் என் மூத்தவர்கள் எல்லோரும் புது நாவல்களை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். கடைசியில் போன எனக்கு மிஞ்சியது அட்டை கழன்ற மூன்று பழைய கவிதைத் தொகுப்புகள். கறுப்பின அமெரிக்கர்களின் கவிதைகளை, அந்த இனத்துக் கவிஞர்களே தேர்ந்தெடுத்து வெளியிட்ட ஆரம்பகாலத் தொகுப்புகள் அவை. காலையும் மாலையும் மட்டாஞ்சேரிப் படகுத்துறைக்கும் எறணாகுளத்துக்கும் நடுவே படகில் உட்கார்ந்து படித்தேன். முதல் வாரம் முழுக்க ஒரு முன்னுரையைத் தாண்ட முடியவில்லை. கவிதைப் புத்தகத்துக்கு எதற்கு இவ்வளவு பெரிய முன்னுரை என்று எரிச்சல்கூட வந்தது. பாதி வழியில்தான் விளங்கியது, அதை எழுதிய மனிதர் ஒரு நீதிமன்றத்தில் நிற்பதுபோல நின்று தன் மக்களுக்காக வாதாடிக்கொண்டிருக்கிறார் என்று. அன்று இறங்கவேண்டிய துறையில் இறங்காமல் அதே படகில் திரும்பி வந்து, மறுபடி போனேன். முதல் வகுப்புக்குத் தாமதம்.

வழக்கு இதுதான். இந்த மக்களுக்குக் கையில் பலம் உண்டு, தொண்டையில் பாட்டு உண்டு, இலக்கியம் மட்டும் கிடையாது என்று அந்த நாடு நினைத்துக்கொண்டிருந்தது. யாராவது ஒருவர் நன்றாக எழுதிவிட்டால் அதிசயம் என்று தலையில் தூக்கி வைத்துக்கொண்டு, மற்றவர்களை மறந்துவிடுவார்கள். வெகு காலத்துக்கு முன்பு, அடிமையாகக் கொண்டுவரப்பட்ட ஒரு பெண் கவிதை எழுதியபோது, இதை அவள்தான் எழுதினாள் என்று ஊர்ப் பெரிய மனிதர்கள் கையெழுத்துப் போட்டுச் சாட்சி சொல்ல வேண்டியிருந்ததாம். அந்தச் சாட்சிக்கு இனி வேலை இல்லாமல் செய்தவை இந்தத் தொகுப்புகள். பள்ளி ஆசிரியை, பாதிரியார், லிஃப்ட் இயக்கியவர் என்று எல்லோரையும் ஒரே புத்தகத்துக்குள் அடுத்தடுத்து உட்கார வைத்தார்கள். ஒருத்தர் எழுதினால் அதிசயம் என்று சொல்லலாம், முப்பது பேர் எழுதினால் இலக்கியம் என்றுதானே சொல்லியாக வேண்டும்? பத்திரிகை மூலையில் வந்து மறுவாரம் மளிகைக்கடைப் பொட்டலமாகப் போயிருக்க வேண்டிய கவிதைகள் அதனால் பிழைத்தன. எழுத வந்த இளசுகளுக்கு, நமக்கு முன்னால் இத்தனை பேர் இருந்திருக்கிறார்கள் என்று காட்ட ஒரு வம்சம் கிடைத்தது. அங்கே உன்னைப் போன்றவர்களின் தனிப் புத்தகங்கள் பலவும் இந்த வாசல் திறந்த பிறகுதான் வெளியே வந்தன.

எல்லாக் கவிதையும் அபாரம் என்று நான் சொல்லமாட்டேன். சிலர் தாங்கள் பார்த்தே இராத இங்கிலீஷ்காரன் பறவைகளைப் பற்றி உருகி உருகி எழுதியிருந்தார்கள். படகில் எனக்குத் தூக்கம் வந்தது. ஆனால் இரண்டு விஷயம் தூக்கத்தைக் கலைத்தது. ஒன்று, இவற்றுக்கெல்லாம் முன்பே, அடிமை முறை இருந்த காலத்திலேயே, தெற்கே ஒரு துறைமுக நகரில், அடிமைத்தளையில் இல்லாத சில கறுப்பினக் கவிஞர்கள் சேர்ந்து பிரெஞ்சு மொழியில் ஒரு தொகுப்பு போட்டிருக்கிறார்கள். துறைமுகம், நாட்டு மொழி ஒன்று, வீட்டில் எழுதும் மொழி இன்னொன்று. இது நம் ஊர்தானே என்று நினைத்தேன். இரண்டாவது, மூன்று புத்தகங்களில் ஒன்றில், உயிரோடிருந்த கவிஞர்களிடம் அவரவர் அறிமுகத்தை அவரவரே எழுதித் தரும்படி கேட்டிருந்தார் தொகுப்பாசிரியர். பிறர் சான்று கொடுத்த காலம் போய், நான் இன்னார் என்று தானே சொல்லும் காலம் வந்துவிட்டது. அந்தப் பக்கங்களைக் கவிதைகளைவிட ஆசையாகப் படித்தேன்.

இந்தச் சூட்டோடுதான் அந்த வருடம் தமிழ் மன்றத்து ஆண்டு விழாவுக்குப் போனேன். மெட்ராசிலிருந்து ஓர் அறிஞர் சிறப்பு விருந்தினராக வந்திருந்தார். வெள்ளை ஜிப்பா, கணீர் குரல். ஒரு மணி நேரம் சங்க இலக்கியத்தில் நீந்திவிட்டுக் கரையேறும்போது சொன்னார்: “கொச்சியில் தமிழ் பேசுகிறவர்கள் இருக்கிறீர்கள், மகிழ்ச்சி. ஆனால் இலக்கியம் முளைக்க இங்கே மண் இல்லை. நீங்கள் பேசுவது பாதி தமிழ், பாதி மலையாளம். அதை அடுக்களையோடு வைத்துக்கொள்ளுங்கள்.” அவர் சொன்னதுகூட எனக்கு வலிக்கவில்லை, மகனே. நம் ஆட்கள் கை தட்டினார்கள். அதுதான் வலித்தது. மிளகுத் தரகர்கள், தையல்காரர்கள், ஹோட்டல் வேலைக்கு வந்தவர்கள், எல்லோரும் தங்களுக்கு இலக்கியம் இல்லை என்ற செய்தியைக் கேட்டு மரியாதையாகக் கை தட்டினார்கள். நான் எழுந்துவிட்டேன். “ஐயா, அடுத்த வருஷமும் இதே மேடைக்கு வாங்க. உங்க கையில ஒரு புத்தகம் கொடுக்கிறோம்” என்றேன். ஆண்கள் பக்கத்திலிருந்து உன் அப்பா இரும ஆரம்பித்தார். அவருக்குச் சளியே இல்லை.

வாயைக் கொடுத்தாயிற்று. புத்தகம் வராவிட்டால் அந்த மனிதரின் சொல்தான் நம் ஊருக்கு முத்திரை. அப்புறம் அந்த மண்டபத்தில் யாரும் தமிழில் ஒரு வரி எழுதினேன் என்று வாய் திறக்கமாட்டார்கள். மறுநாளிலிருந்து எல்லோரிடமும் கேட்டேன். கவிதையா, நாங்களா என்று சிரித்தார்கள். அதே ஆட்கள் இரண்டு நாள் கழித்து படகுத்துறையில் தனியாக வந்து, மடித்து மடித்து வியர்வையில் ஊறிய ஒரு காகிதத்தை நீட்டிவிட்டு ஓடினார்கள். தரகர் காதர் பாய் தன் வீட்டுப் பூனையைப் பற்றி எழுதியிருந்தார். ஒரு பரோட்டா மாஸ்டர், இஞ்சிக் கிடங்கில் பொறுக்கி எடுக்கும் இரண்டு பெண்கள், ஒரு தையல்காரர் என்று பத்துப் பேர் தேறினார்கள். எல்லாம் தமிழ்க் கவிதைதான், ஆனால் அநேகமாக மலையாள எழுத்தில். பள்ளிக்கூடத்தில் படித்தது மலையாளம். தமிழ் காதுக்கும் நாக்குக்கும்தானே வந்தது, கைக்கு வரவில்லை. உன் முதல் கவிதையைக்கூட நீ அப்படித்தான் எழுதினாய், மறந்துவிடாதே.

பதினொன்றாவது ஆளை நான் தேடவில்லை, அவளே வந்தாள். சலவைக் கடை செல்லக்கனி அக்காவை உனக்குத் தெரியும். அவள் அம்மா காலத்திலிருந்து மட்டாஞ்சேரியில் பாதி வீட்டுத் துணி அவர்களிடம்தான். வாசலில் மூட்டையை இறக்கிவைத்துவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றாள். “டீச்சரே, ஊரெல்லாம் கவிதை சேக்குறீங்களாம். என்கிட்ட மட்டும் கேக்கல. எனக்கென்ன வாயில்லியா?” அவளுக்கு வாயில்லை என்று யாராவது சொல்ல முடியுமா! அங்கேயே நின்று ராகம் போட்டுச் சொன்னாள், நான் எழுதிக்கொண்டேன்.

ஊரு முழுக்க என் கொடியில தொங்குது
சேட்டு சட்டையும் கூலிக்காரன் முண்டும்
ஒரே காத்துல ஆடுது
காத்துக்குத் தெரியல்ல ஆரு முதலாளின்னு
சாயா குடிச்சு மடிக்க உக்காந்தா
எனக்கு மட்டும் தெரியும்

எனக்கு உடம்பு சிலிர்த்தது. அவளுக்கு அதெல்லாம் இல்லை. “என் பேரு பெரிசா போடணும் கேட்டீங்களா. மத்தவங்க பேரு சின்னதா இருந்தா சாரமில்ல, போகட்டும்” என்று சொல்லிவிட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

கொச்சியில் நமக்குத் தெரிந்த அச்சகத்தில் தமிழ் எழுத்து கிடையாது. கோயம்புத்தூரில் என் சித்தப்பா மகன் வழியாக ஓர் அச்சகம் ஏற்பாடாயிற்று. அங்கே அனுப்ப, மலையாள எழுத்தில் இருந்ததை எல்லாம் தமிழ் எழுத்தில் பெயர்த்து எழுத வேண்டும். உன் அப்பா தானே முன்வந்தார். அவர் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். மசாலாக் கம்பெனியில் கணக்கு எழுதிவிட்டு வந்து, ஒரு வாரம் சாயங்காலம் எல்லாம் உட்கார்ந்து எழுதினார். நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்ததால் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை செல்லக்கனி அக்கா துணி கொண்டுவந்தபோது, அவள் காதில் முதலில் விழட்டும் என்று அந்தப் பிரதியை எடுத்து உரக்கப் படித்தேன். “ஊரனைத்தும் என் கொடியில் உலர்ந்தாடும், செல்வர்தம் மேலாடை, ஏழையர்தம் வேட்டி...” படிக்கப் படிக்க என் குரல் எனக்கே இறங்கிப்போனது. சாயா தேநீர் ஆகியிருந்தது. காத்து தென்றல் ஆகியிருந்தது.

அவள் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, “நல்லா இருக்கு டீச்சரே. ஆரு எழுதினது?” என்றாள்.

“நீங்கதான் அக்கா.”

அவள் மூட்டையிலிருந்து ஒரு சட்டையை எடுத்துக் காலரைத் திருப்பிக் காட்டினாள். உள்பக்கம் சேங்கொட்டை மையில் போட்ட சின்னக் குறி. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குறி. ஊர்த் துணி எல்லாம் ஒரே வெள்ளாவியில் ஒன்றாக வெந்தாலும், அந்தக் குறியைப் பார்த்துத்தான் அதனதன் வீட்டுக்குத் திரும்பும். எத்தனை வெளுத்தாலும் அது போகாது. “வெளுப்பு நல்லாத்தான் இருக்கு. குறி போயிடுச்சே! குறி போன துணியை நான் எந்த வீட்டுல கொண்டு கொடுக்கட்டும்? என் பாட்டை எனக்குத் திருப்பித் தாங்க.” சொல்லிவிட்டு அன்றைய கூலியைக்கூட வாங்காமல் இறங்கிப் போனாள். செய்தி பரவச் சந்தை வரை போக வேண்டுமா? மாலைக்குள் காதர் பாய் வந்து, தன் பூனையைத் திருப்பித் தரும்படி மிகவும் பணிவாகக் கேட்டார். பத்துப் பேரும் வாபஸ் வாங்கினால் புத்தகம் கருவிலேயே போய்விடும்.

அன்று நானும் உன் அப்பாவும் போட்ட சண்டையை நீ கேட்டிருப்பாய். “சாயான்னும் முண்டுன்னும் அச்சுல போட்டா மெட்ராஸ்காரன் சிரிக்கமாட்டானா? உங்க எல்லாரோட மானத்தையும் நான்தானே காப்பாத்தினேன்?” என்றார். அவரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. கல்யாணத்துக்கு முன்பு மெட்ராசில் ஒரு வேலைக்கான நேர்காணலுக்குப் போனபோது, நம் ஊர்ப் பேச்சு வாயில் வந்து விழ, மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்களாம். அந்தச் சிரிப்பு அவர் காதை விட்டுப் போகவே இல்லை. அதற்குப் பிறகுதான் அவர் மேடைத் தமிழ் பேச ஆரம்பித்தது. நான் அந்தப் பழைய தொகுப்பை எடுத்துவந்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்து, முன்னுரையைத் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். அவர்களுக்கும் இதே பயம் இருந்தது. அவர்களுடைய பேச்சை வெள்ளைக்காரர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு மேடையில் கேலிக்கூத்தாக்கி வைத்திருந்தார்கள். அந்தப் பேச்சில் எழுதினால் சிரிப்போ அழுகையோ தவிர வேறெதுவும் கேட்பவர் காதில் ஏறாது என்று தொகுப்பாசிரியரே கவலைப்பட்டார். கவலைப்பட்டுக்கொண்டேதான் அந்தப் பேச்சில் எழுதியவர்களுக்கும் இடம் கொடுத்தார். யாருடைய வரியையும் வெளுத்துத் தன் வரியாக்கவில்லை.

முன்னுரை முடிந்ததும் உன் அப்பா கேட்டார்: “அப்போ என்னைப் பாத்துச் சிரிச்சாங்களே, அது?”

“நீங்க தனியா இருந்தீங்க. அதான் சிரிச்சாங்க” என்றேன்.

மறுநாள் அவர் எறணாகுளம் பிராட்வே கடைத்தெருவுக்குப் போய்ப் புதுக் காகிதம் வாங்கிவந்து, முதல் பக்கத்திலிருந்து மறுபடி எழுதினார். இந்தத் தடவை ஒரு சொல்லையும் தொடவில்லை. காதர் பாயின் பூனை தின்ற கப்பைக் கிழங்குகூட மரவள்ளி ஆகாமல் கப்பையாகவே இருந்தது. எழுதி முடித்த காகிதத்தை அவரே செல்லக்கனி அக்கா கடைக்குக் கொண்டுபோய், இஸ்திரி மேசைக்கு முன்னால் நின்றுகொண்டே படித்துக் காட்டினார். “இப்ப இது எங்க வீட்டுத் துணி” என்று அவள் சொன்னாளாம். அதைச் சொல்லும்போது உன் அப்பா முகத்தில் இருந்த சிரிப்பை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

பெயரின் அளவு பற்றி மட்டும் அவள் கடைசிவரை பேரம் பேசினாள். எல்லோருக்கும் ஒரே அளவு எழுத்துதான் என்று நான் பிடிவாதமாக நின்றேன். அப்படியானால் தன்னைப் பற்றிய குறிப்பில் ஒரு சொல்லையும் வெட்டக்கூடாது என்றாள். ஆமாம், அமெரிக்காவில் செய்ததையே நாங்களும் செய்தோம். பதினொரு பேரும் தங்கள் அறிமுகத்தைத் தாங்களே எழுதினார்கள், எழுதத் தெரியாதவர்கள் சொல்ல நான் எழுதினேன். அவள் சொன்னது இவ்வளவுதான்: ‘நான் செல்லக்கனி. மட்டாஞ்சேரியில துணி வெளுக்கிறேன். இந்த ஊருல வெள்ளையா நடக்குற எல்லாரும் எனக்குத் தெரிஞ்சவங்க.’ அச்சகத்திலிருந்து சித்தப்பா மகன், இது யார், நான் நேரில் பார்க்க வேண்டும் என்று கடிதம் எழுதினான்.

அடுத்த வருட விழாவுக்கு அந்த அறிஞர் நான் அழைத்தபடியே வந்தார், மூன்று நாள் முன்னதாகவே வந்து மட்டாஞ்சேரியில் தங்கினார். அதற்காக அவரை நான் இன்றும் மதிக்கிறேன். புத்தகத்தை மேடையில் அவர் கையில் கொடுத்தேன். மரியாதைக்குப் புரட்டிப் பார்த்துவிட்டு வைப்பார் என்று நினைத்தோம். மனிதர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிக்க ஆரம்பித்துவிட்டார். கூட்டம் வடையை மறந்து காத்திருந்தது. கடைசியில் எழுந்து ஒலிபெருக்கி முன் வந்தார். “இதில் ஒரு கவிதை இருக்கிறது. வைரம். எழுதியவர் சலவைத் தொழிலாளி என்று அறிந்து வியக்கிறேன். இந்த ஒன்றை மட்டும் சென்னைப் பத்திரிகையில், அவருடைய படத்தோடு முதல் பக்கத்தில் வெளியிடச் செய்கிறேன். மற்றவை இருக்கட்டும்.” மண்டபம் கை தட்டியது. முன்வரிசையில் செல்லக்கனி அக்காவின் முகம் மலர்ந்துபோயிற்று. பெயரும் பெரிசு, படமும் உண்டு, போதாதா? நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்குப் பக்கத்தில் அந்த இரண்டு இஞ்சிக் கிடங்குப் பெண்கள். ஒருத்தி புத்தகத்தை மெல்ல மூடி மடியில் கவிழ்த்து வைத்தாள். செல்லக்கனி அக்கா அதைப் பார்த்தாள்.

எழுந்து மேடையேறினாள். “சாரே, இந்த ஜிப்பா முந்தாநேத்து என் கொடியில கிடந்தது, தெரியுமா?” என்றாள். மண்டபம் இடிந்து விழுவதுபோலச் சிரித்தது. அவரும் தன்னையே குனிந்து பார்த்துச் சிரித்துவிட்டார். அவள் விடவில்லை. “உங்க ஜிப்பாவுக்காக நான் தனியா வெள்ளாவி வைக்கல. ஊருத் துணியோடதான் வெந்தது. அப்படியும் குறி மாறாம உங்க கைக்குத்தான் வந்துச்சு, அல்லே? நானும் இவங்களோட ஒண்ணா வெந்தவ. போட்டா எல்லாரோடதும் போடுங்க சாரே. இல்லேன்னா எனக்கு வேண்டாம்.”

முதல் கை தட்டு ஆண்கள் பக்கத்திலிருந்து வந்தது. உன் அப்பா எழுந்து நின்றுகொண்டு தட்டினார், இருமல் எல்லாம் காணோம். பிறகு பரோட்டா மாஸ்டர் எழுந்தார், காதர் பாய் எழுந்தார், புத்தகத்தைக் கவிழ்த்து வைத்தவள் எழுந்தாள். பதினொரு பேரும் மேடைக்குப் போய் வரிசையாக நின்று, ஒவ்வொருவராக முதலில் தன் குறிப்பையும் பிறகு தன் கவிதையையும் மனப்பாடமாகச் சொன்னார்கள். போன வருடம் தங்களுக்கு இலக்கியம் இல்லை என்று கேட்டுக் கை தட்டிய அதே மண்டபம், பூனைக்குச் சிரித்து, இஞ்சிக் கிடங்குக்கு அழுது, செல்லக்கனிக்கு மறுபடியும் சொல்லு, மறுபடியும் சொல்லு என்று கத்தியது. நான் அழுதேன், மகனே. வெட்கப்படாமல் அழுதேன். என் வாழ்க்கையில் நான் ஜெயித்த நாள் எது என்று கேட்டால் அந்த நாளைத்தான் சொல்வேன், நீ பிறந்த நாளைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு. அறிஞர் எழுந்து, போன வருடம் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்றார். சொன்னதோடு நில்லாமல் செய்தும் காட்டினார். அந்தப் பத்திரிகை பதினொரு கவிதையையும் குறிப்புகளோடு போட்டது. பதினொரு படத்துக்கு இடமில்லை என்று ஒரு படமும் போடவில்லை. செல்லக்கனி அக்கா அதை இன்றுவரை என்னிடம் குத்திக் காட்டுகிறாள்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். ஏதோ பழைய பத்திரிகையைப் பார்த்து உன்னைத் தேடி வந்தார்கள் என்று எழுதியிருந்தாயே, எந்தப் பத்திரிகை என்று அவர்களிடம் கேட்டாயா? நான் கேட்டேன். உன் கடிதத்தில் இருந்த முகவரிக்குக் கார்டு போட்டேன், பதில் நேற்று வந்தது. அதே இதழ். உன் தனித்திறமையைக் கண்டு வரவில்லை, ராஜா. ஒரு பூனையும் இஞ்சி மூட்டையும் சலவைக் கொடியும் வழிகாட்ட, அந்த வழியே உன் வாசலுக்கு வந்தார்கள். பத்துப் பேரோடு பதினொன்றாக நின்றவர்கள் திறந்த கதவில் நீ தனியாக நுழையப் பார்க்கிறாய். உன் புத்தகம் தனியாக வரட்டும். வரும். முதல் பிரதியை நான்தான் வாங்குவேன், இலவசமாகக் கொடுத்தால் கோபித்துக்கொள்வேன். ஆனால் தனியாக நிற்பவனைப் பார்த்து உலகம் ஒன்று சிரிக்கிறது, இல்லையென்றால் வியக்கிறது. உன் அப்பாவைப் பார்த்துச் சிரித்தது, செல்லக்கனியைப் பார்த்து வியந்தது. இரண்டும் படிப்பதாகாது. கூட நிற்க ஆட்கள் இருந்தால்தான் உட்கார்ந்து படிக்கிறது. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் கடலுக்கு அந்தப் பக்கம், நான் கண்டிராத மனிதர்கள்; அவர்களுக்கு நன்றி சொல்ல எனக்கு இதைவிட வேறு வழி தெரியவில்லை.

கூட்டத்தில் காணாமல் போய்விடுவாய் என்று பயமா? கடிதத்தில் அப்படி எழுதவில்லை, ஆனால் உன்னைப் பெற்றவளுக்குத் தெரியாதா. பதினொரு பேரில் யார் காணாமல் போனார்கள், சொல். செல்லக்கனி அக்காவிடம் உன் செய்தியைச் சொன்னேன். வயதாகிவிட்டது, துணி துவைக்கும் கல்லுக்கு இப்போது போவதில்லை, கடையில் உட்கார்ந்து குறி மட்டும் போடுகிறாள். “நம்ம பிள்ள பேரு பெரிசா போடுவாங்களா?” என்றாள். எல்லோருக்கும் ஒரே அளவுதான் என்றேன். “அப்ப நல்ல ஆளுங்கதான், கவிதையைக் கொடுக்கச் சொல்லுங்க” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். இந்தக் கடிதத்தை அனுப்பும் முன் ஒரு தடவை பார்த்துத் திருத்தித் தரட்டுமா என்று உன் அப்பா கேட்டார். நான் கொடுக்கவில்லை.

நான்கு கவிதையையும் இன்றே தபாலில் சேர். உன்னைப் பற்றிய குறிப்பை மட்டும் வேறு யாரையும் எழுத விடாதே, நீயே எழுது. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை என்றால், இங்கிருந்து கொண்டுபோன சட்டைகளில் ஒன்றை எடுத்துக் காலரைத் திருப்பிப் பார்.

உன் அம்மா